ஃப்யூவல் பிரஷர் ரெகுலேட்டர்: மாற்றுவதற்கு முன் கேஜ் வைத்துச் சோதிக்கும் முழு முறை

காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும் கார், கடைக்குப் போய் இருபது நிமிடம் நிறுத்திவிட்டு வந்தால் மட்டும் நாலைந்து தடவை செல்ஃப் அடிக்க வைக்கிறது. இன்னொரு காரில் மைலேஜ் திடீரென்று விழுந்து, சைலன்சர் வாயில் கரி அப்பியிருக்கிறது. மற்றொன்று மேம்பாலம் ஏறும்போது இழுவை இல்லாமல் திணறுகிறது. மூன்றுக்குமே ஃப்யூவல் பிரஷர் ரெகுலேட்டர் காரணமாக இருக்கலாம். இல்லாமலும் போகலாம்.

இந்த "இருக்கலாம்" என்ற இடத்தில்தான் கார் வைத்திருப்பவரின் பணம் போகிறது. முதலில் ஸ்பார்க் ப்ளக் மாற்றுவார்கள், அப்புறம் இன்ஜெக்டர் கிளீனிங், அப்புறம் பம்ப். கடைசியில் ரெகுலேட்டரை மாற்றிப் பார்ப்பார்கள். பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டி அரை மணி நேரம் செலவழித்தால் இதில் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். ஆனால் கேஜ் காட்டும் எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. ஒரு ஹோஸைக் கழற்றும்போதும் ஒரு லைனை நசுக்கும்போதும் முள் எப்படி நகர்கிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த நகர்வைப் படிக்கக் கற்றுக்கொள்வதைப் பற்றியதுதான்.

ரெகுலேட்டர் செய்யும் வேலை

இன்ஜெக்டர் ஒரு சின்ன வால்வு. அதை எத்தனை மில்லி செகண்ட் திறந்து வைக்க வேண்டும் என்று எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூ கணக்கிடுகிறது. அந்தக் கணக்கு, இன்ஜெக்டருக்கு மேலே இருக்கும் பெட்ரோல் அழுத்தத்துக்கும் கீழே மேனிஃபோல்டில், அதாவது எஞ்சினுக்குள் காற்று போகும் குழாயில், இருக்கும் காற்றழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் மாறாது என்ற நம்பிக்கையில் போடப்படுகிறது. அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுவதுதான் ரெகுலேட்டரின் வேலை.

பம்ப் எப்போதும் தேவைக்கு அதிகமாகவே பெட்ரோலைத் தள்ளும். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயான ரெயிலின் ஒரு முனையில் இருக்கும் ரெகுலேட்டருக்குள் ஒரு ஸ்பிரிங், டயாஃப்ரம் எனும் ஒரு ரப்பர் சவ்வு, ஒரு வால்வு. அழுத்தம் ஸ்பிரிங்கின் பலத்தைத் தாண்டினால் வால்வு திறந்து, மிச்சப் பெட்ரோல் ரிட்டர்ன் லைன் வழியே டேங்குக்குத் திரும்பிவிடும். டயாஃப்ரத்தின் மறுபக்கத்தில் மேனிஃபோல்டிலிருந்து ஒரு மெல்லிய வேக்குவம் ஹோஸ் வந்து சேரும். ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் ஐடிலில் மேனிஃபோல்டில் உறிஞ்சல் அதிகம், வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 0.6 பார் குறைவாக இருக்கும். அந்த உறிஞ்சல் டயாஃப்ரத்தை இழுத்து, ரெயில் அழுத்தத்தையும் கிட்டத்தட்ட அதே அளவு குறைக்கிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் உறிஞ்சல் போய்விடும், ரெயில் அழுத்தமும் மேலே ஏறும்.

அழுத்தம் மாறினால் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று கேட்கலாம். இன்ஜெக்டர் விடும் பெட்ரோலின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் 2 பார் இருந்தால் பெட்ரோல் ஏறக்குறைய 18 சதவீதம் குறையும். 4 பார் ஆனால் 15 சதவீதம் கூடும். ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூ இதை ஓரளவு சரிக்கட்டும். அதனால்தான் ரெகுலேட்டர் கெடத் தொடங்கிப் பல மாதம் கழித்துத்தான் வண்டியில் தொல்லை தெரிகிறது.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று பாருங்கள்

பானெட்டைத் திறந்து ஃப்யூவல் ரெயிலைப் பாருங்கள். இன்ஜெக்டர்கள் வரிசையாக மாட்டியிருக்கும் குழாய் அது. அதற்கு இரண்டு லைன்கள் வந்து, ஒரு முனையில் சின்ன உலோகக் குடுவை போல ஒன்றும் அதன் தலையில் ஒரு வேக்குவம் ஹோஸும் இருந்தால், அது ரிட்டர்ன் வகை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் வைக்கும் எம்.பி.எஃப்.ஐ புதிதாக வந்த 2000-ஐ ஒட்டிய காலத்து வண்டிகள் பலவற்றில் இதைப் பார்க்கலாம்.

ரெயிலுக்கு ஒரே ஒரு லைன் மட்டும் வந்தால் அது ரிட்டர்ன் இல்லாத வகை. ரெகுலேட்டர் பின் சீட்டுக்கு அடியில், டேங்குக்குள் பம்ப்போடு சேர்ந்து இருக்கும். எஞ்சின் சூட்டில் சூடேறிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்பி ஆவியாவதைக் குறைப்பது இந்த மாற்றத்துக்கு முக்கியக் காரணம். இன்றைய பெட்ரோல் கார்களில் இதுதான் பெரும்பான்மை. இதற்கான சோதனை முறை வேறு, கீழே தனியாகச் சொல்கிறேன்.

காமன் ரெயில் டீசல் வண்டியோ, பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியோ என்றால் இங்கே சொல்லும் எதையும் அதன் ஹை பிரஷர் பக்கத்தில் செய்யாதீர்கள். காமன் ரெயிலில் அழுத்தம் 1,600 பாருக்கும் மேலே போகும். அந்த வேகத்தில் கசியும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியில் ஊசி குத்திய அளவுக்குத்தான் காயம் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அந்த வண்டிகளில் ரெயில் பிரஷர் சென்சார் இருக்கிறது. ஸ்கேனரில் ஈசியூ கேட்கும் அழுத்தத்தையும் உண்மையில் இருக்கும் அழுத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே முறை. பி0087 அழுத்தம் போதவில்லை என்பதற்கும், பி0088 அழுத்தம் அதிகம் என்பதற்கும் வரும் எரர் கோடுகள், அதாவது ஈசியூ பதியும் கோளாறுக் குறியீடுகள்.

கேஜ் எடுப்பதற்கு முன்

ரிட்டர்ன் வகை வண்டியில் ஒரே நிமிடத்தில் முடியும் சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ரெகுலேட்டர் தலையில் இருக்கும் வேக்குவம் ஹோஸை மெதுவாகத் திருகிக் கழற்றுங்கள். ஹோஸின் உட்புறத்தையும் ரெகுலேட்டரின் மூக்கையும் பாருங்கள். இரண்டும் காய்ந்திருக்க வேண்டும். ஹோஸ் முனையை வெள்ளைத் துணியில் தட்டினால் பெட்ரோல் ஈரம் பட்டாலோ, மூக்கிலிருந்து சொட்டு எட்டிப் பார்த்தாலோ டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. இதற்கு மேல் சோதிக்க ஒன்றுமில்லை. அந்த ஓட்டை வழியே மேனிஃபோல்டு பெட்ரோலை நேராகக் குடித்துக்கொண்டிருக்கிறது. எஞ்சினை உடனே நிறுத்துங்கள், ரெகுலேட்டரை மாற்றுங்கள்.

ஈரம் இல்லாமல் வெறும் வாடை மட்டும் அடித்தால் அவசரப்பட வேண்டாம். மேனிஃபோல்டிலிருந்து ஆவி கொஞ்சம் ஹோஸுக்குள் வருவது இயல்புதான். சந்தேகம் இருந்தால் ஹோஸைத் துடைத்து மாட்டி, பத்து நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

ஹோஸையே கொஞ்சம் வளைத்தும் பாருங்கள். எஞ்சின் சூட்டில் இறுகி, மாட்டும் இடத்தில் கீறல் விட்ட ஹோஸ் பழைய வண்டிகளில் சாதாரணம். ஹோஸ் காற்று விட்டால் ரெகுலேட்டருக்கு உறிஞ்சல் போகாது. ஐடிலில் அழுத்தம் தேவைக்கு மேல் நிற்கும், வண்டி பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். சில ரூபாய் ஹோஸுக்காக ரெகுலேட்டரைக் கழற்றித் தூக்கிப்போடுவது நடந்துகொண்டேதான் இருக்கிறது. எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்படாத ரப்பர் பாகங்கள் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலில் உப்பவோ இறுகவோ செய்யும் என்பதால், பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் ஹோஸ்களையும் இதே கையோடு பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து எஞ்சின் ஆயில். டிப் ஸ்டிக்கை எடுத்து முகருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்து, மட்டமும் ஏறியிருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போய் ஆயிலில் கலந்திருக்கிறது. ஒரு ப்ளக்கைக் கழற்றினால் காய்ந்த கரி அப்பியிருக்கும்.

போனோடு இணையும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் இருந்தால் ஃப்யூவல் ட்ரிம் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுகிறது என்பதுதான் ட்ரிம். லாங் டெர்ம் ட்ரிம் பிளஸ் 10-க்கு மேல் என்றால் பெட்ரோல் போதாமல் ஈசியூ கூட்டிக் கொடுக்கிறது, மைனஸ் 10-க்குக் கீழ் என்றால் அதிகமாகி வெட்டுகிறது. ஐடிலில் மட்டும் மைனஸ் அதிகமாகி, ஆர்பிஎம் ஏற்றினால் சரியாவது கிழிந்த டயாஃப்ரத்தின் அடையாளம். ஐடிலில் சரியாக இருந்து, லோடு ஏற ஏற பிளஸ் கூடிக்கொண்டே போனால் பம்ப், ஃபில்டர் பக்கம் சந்தேகப்படலாம். பி0171 (பெட்ரோல் குறைவு), பி0172 (பெட்ரோல் அதிகம்) எரர் கோடுகள் இருந்தால் அவற்றையும் எழுதி வையுங்கள். பேட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் இந்த எண்களெல்லாம் அழிந்துவிடும், அதனால் எழுதுவதை முதலில் செய்ய வேண்டும்.

தேவையானவை

0 முதல் 7 பார் வரை காட்டும் ஃப்யூவல் பிரஷர் கேஜ், உங்கள் லைனின் அளவுக்குப் பொருந்தும் டி ஜாயின்ட், நல்ல ஹோஸ் கிளிப்கள், ரப்பர் ஹோஸை நசுக்கும் மழுங்கலான கிளாம்ப் இரண்டு, கை வேக்குவம் பம்ப், மல்டிமீட்டர், ஃப்யூஸ் வைத்த ஜம்ப்பர் வயர். டி ஜாயின்ட்டோடு சேர்க்கும் ஹோஸ் இன்ஜெக்‌ஷன் தரத்தில் இருக்க வேண்டும், ஹோஸின் மேலேயே 30ஆர்9 என்று அச்சடித்திருக்கும். கார்புரேட்டர் காலத்து ஹோஸ் இந்த அழுத்தத்துக்கு ஏற்றதல்ல. சோதனைதானே என்று அதை மாட்டாதீர்கள், கழன்று அடித்தால் சூடான எஞ்சின் மேல் பெட்ரோல்.

கேஜில் எந்த அலகு இருந்தாலும் பரவாயில்லை. 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ, 100 கிலோபாஸ்கல், ஏறத்தாழ 1 கிலோ. மெக்கானிக்குகள் "மூணு கிலோ பிரஷர்" என்று சொல்வது 3 பாரைத்தான்.

உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் சரியான எண் இருக்கும், அதைத் தேடி எடுத்துவிடுங்கள். பொதுவாக ரிட்டர்ன் வகையில் வேக்குவம் ஹோஸ் கழற்றிய நிலையில் 2.5 முதல் 3.5 பார் வரை இருக்கும். ரிட்டர்ன் இல்லாத வகையில் 3 முதல் 4 பார் வரை. இங்கே உதாரணங்களுக்கு 3 பார் சிஸ்டத்தை எடுத்துக்கொள்கிறேன்.

பாதுகாப்பும் பிரஷர் இறக்குதலும்

திறந்த இடத்தில், எஞ்சின் ஆறிய பிறகு செய்யுங்கள். பவுடர் வகைத் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சிகரெட் பக்கத்தில்கூட வேண்டாம். வெளிச்சத்துக்குச் சூடாகும் குண்டு பல்பைத் தவிர்த்து எல்இடி டார்ச் வையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சிஎன்ஜி அல்லது எல்பிஜி பொருத்திய வண்டியாக இருந்தால் சோதனை முழுக்கப் பெட்ரோலில் ஓடும்படி மாற்றிவிடுங்கள்.

ரெயிலில் அழுத்தம் இருக்கும்போது லைனைக் கழற்றக் கூடாது. ஃப்யூவல் பம்ப்பின் ஃப்யூஸையோ ரிலேயையோ பிடுங்கிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். ரெயிலில் இருக்கும் பெட்ரோலில் சில நொடிகள் ஓடி, தானே ஆஃப் ஆகிவிடும். அப்புறம் இரண்டு மூன்று நொடி செல்ஃப் அடித்து மிச்சத்தையும் காலி செய்யுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் லைனில் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும், எனவே ஜாயின்ட்டைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டே கழற்றுங்கள். நனைந்த துணியை எஞ்சின் பக்கத்தில் போட்டு வைக்காதீர்கள்.

கேஜை மாட்டுதல்

சில வண்டிகளின் ரெயிலில் டயர் வால்வு போலவே ஒரு டெஸ்ட் போர்ட் மூடியோடு இருக்கும். அது இருந்தால் வேலை சுலபம், கேஜை அதில் திருகினால் போதும். நம் ஊரில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றில் இது கிடையாது. ஃபில்டரிலிருந்து ரெயிலுக்கு வரும் சப்ளை லைனைக் கழற்றி நடுவில் டி ஜாயின்ட்டைச் சேர்க்க வேண்டும். குயிக் கனெக்டர் இருக்கும் நைலான் லைனாக இருந்தால் அதற்குப் பொருந்தும் அடாப்டரை வாங்குங்கள். எந்தக் காரணத்துக்காகவும் நைலான் லைனை வெட்டாதீர்கள்.

கேஜின் ஹோஸ் ஃபேன் பக்கமோ சைலன்சர் பக்கமோ போகாமல் ஒதுக்கிக் கட்டுங்கள். பேட்டரியை மாட்டி, ஃப்யூஸைப் போட்டு, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். பம்ப் இரண்டு மூன்று நொடி "ஊ..." என்று ஓடி நிற்கும். ஒவ்வொரு ஜாயின்ட்டையும் காய்ந்த டிஷ்யூ பேப்பரால் தொட்டுப் பாருங்கள். எங்காவது நனைந்தால் அதைச் சரி செய்த பிறகுதான் அடுத்த வேலை.

ரிட்டர்ன் வகை: சோதனைகள்

இக்னிஷனை ஆன் செய்து பம்ப் நின்றதும் கேஜில் இருப்பதைக் குறியுங்கள். ஏறத்தாழ 3 பார் வர வேண்டும். முதல் தடவை லைனில் காற்று இருப்பதால் குறைவாகக் காட்டும், இரண்டு மூன்று முறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்.

சரி, இப்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். முள் 2.4, 2.5 பாருக்கு இறங்க வேண்டும். கூர்ந்து பார்த்தால் முள் லேசாக அதிர்ந்துகொண்டிருக்கும், இன்ஜெக்டர்கள் திறந்து மூடும் துடிப்பு அது, கவலை வேண்டாம். வேக்குவம் ஹோஸைக் கழற்றி, உறிஞ்சும் ஹோஸ் முனையை விரலால் அடையுங்கள். முள் சட்டென்று அரை பார் எகிறி 3 பாரில் போய் நிற்க வேண்டும். மறுபடி மாட்டினால் அதே வேகத்தில் இறங்க வேண்டும்.

இந்த அரை பார் ஏற்ற இறக்கத்தைத்தான் நான் எல்லாவற்றையும்விட நம்புவேன். கேஜ் 0.2 பார் கூட்டியோ குறைத்தோ காட்டலாம், மலிவான கேஜ்கள் அப்படித்தான். ஆனால் ஏறும் அளவும் இறங்கும் அளவும் பொய் சொல்லாது. முள் அசையவே இல்லை என்றால் உடனே ரெகுலேட்டரைக் குற்றம் சொல்லாமல், கழற்றிய ஹோஸில் உறிஞ்சல் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். உறிஞ்சல் இருந்தும் முள் அசையாவிட்டால் ரெகுலேட்டர் ஒட்டிக்கொண்டுவிட்டது. உறிஞ்சல் இல்லை என்றால் ஹோஸ் அல்லது மேனிஃபோல்டு மூக்கு அடைத்திருக்கிறது.

ஊட்டி, கொடைக்கானலில் வைத்துச் சோதிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் வெளிக்காற்றின் அழுத்தமே 0.2 பாருக்குமேல் குறைவு. அதனால் ஐடிலில் உறிஞ்சலும் குறைவாகவே கிடைக்கும், முள் எகிறும் அளவும் அதற்கேற்பக் குறையும். சமவெளி எண்ணை வைத்து நல்ல ரெகுலேட்டரைத் தள்ளிவிடாதீர்கள்.

கை வேக்குவம் பம்ப் இருந்தால் இதை இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். எஞ்சினை நிறுத்தி, பம்ப் ரிலேயை எடுத்து, அதன் சாக்கெட்டில் ஜம்ப்பர் வயர் போட்டுப் பம்ப்பை மட்டும் ஓட விடுங்கள். ரிலேயின் கால்களில் 30, 87 என்று எண் போட்டிருந்தால் அந்த இரண்டு இடங்களையும்தான் இணைக்க வேண்டும். எண் இல்லை என்றால் வயரிங் படம் பார்க்காமல் இணைக்காதீர்கள். வேக்குவம் பம்ப்பை ரெகுலேட்டர் மூக்கில் மாட்டி 15 இன்ச் (பாதரச அளவு) வரை இழுங்கள். அது அரை பாருக்குச் சமம். கேஜும் அரை பார் இறங்க வேண்டும். வேக்குவம் பம்ப்பின் முள் ஒரு நிமிடமாவது அசையாமல் நிற்க வேண்டும். இறங்கிக்கொண்டே போனால் டயாஃப்ரத்தில் மெல்லிய கீறல் இருக்கிறது. பெட்ரோல் ஈரம் இன்னும் காட்டாத ஆரம்பக் கட்டக் கிழிசலை இந்தச் சோதனையில் பிடித்துவிடலாம்.

எஞ்சினை மறுபடி ஓடவிட்டு ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதித்து விடுங்கள். த்ராட்டில் திறந்த கணத்தில் முள் மேலே ஏறி, விட்டதும் இறங்கும். ஏறுவதற்குப் பதிலாகக் கீழே விழுந்தால் பெட்ரோல் வரத்தே போதவில்லை.

அழுத்தம் குறைவாக இருந்தால்

யார் காரணம்? பம்ப்பா, ஃபில்டரா, ரெகுலேட்டரா? இங்கேதான் ரிட்டர்ன் லைனை நசுக்கும் சோதனை. ரப்பர் ஹோஸ் இருக்கும் இடத்தில் மட்டும் கிளாம்பை வைத்து, கேஜைப் பார்த்துக்கொண்டே மெதுவாக இறுக்குங்கள். முள் விர்ரென்று 4, 4.5 என்று ஏறத் தொடங்கினால் உடனே விட்டுவிடுங்கள். முழுவதும் அடைத்து ஓரிரு நொடிக்கு மேல் வைக்கக் கூடாது, லைனோ ஜாயின்ட்டோ விட்டுப் போகலாம். நல்ல பம்ப் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் சுலபமாகத் தள்ளும்.

முள் அப்படி ஏறினால் பம்ப்பும் ஃபில்டரும் நல்லவை, ரெகுலேட்டர் பெட்ரோலைச் சீக்கிரமே டேங்குக்கு விட்டுவிடுகிறது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது வால்வின் இருக்கையில் தூசி சிக்கியிருக்கலாம்.

நசுக்கியும் முள் ஏறவில்லை, அல்லது சோம்பலாகக் கொஞ்சம் ஏறி நிற்கிறது என்றால் ரெகுலேட்டர் மேல் பழி போடாதீர்கள். ஃபில்டர் எப்போது மாற்றியது என்று பாருங்கள். பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டர் வைத்து, ஓடும்போது வோல்ட் எவ்வளவு என்று அளவிடுங்கள். பேட்டரியில் இருப்பதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரிங், ரிலே, எர்த் மூன்றில் ஒன்றில் தடை இருக்கிறது. பம்ப் மாற்றியும் பிரச்சினை தீராத வண்டிகளில் இந்த எர்த் கோளாறு கிடப்பதுண்டு. அளவையும் பார்க்க வேண்டும்: ரிட்டர்ன் ஹோஸை ஒரு கேனுக்குள் விட்டுப் பம்ப்பை 30 நொடி ஓட்டினால் அரை லிட்டராவது சேர வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மேனுவலில் எண் இருந்தால் அதையே கொள்ளுங்கள்.

அழுத்தம் அதிகமாக இருந்தால்

வேக்குவம் ஹோஸ் சரியாக இருந்தால் இரண்டே காரணம்தான். ஒன்று ரெகுலேட்டர் திறக்க மறுக்கிறது, அல்லது ரிட்டர்ன் லைன் எங்கோ மடங்கியோ அடைத்தோ இருக்கிறது. பிரிப்பது சுலபம். பிரஷரை இறக்கிவிட்டு, ரெகுலேட்டரிலிருந்து ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி, அந்த இடத்தில் வேறொரு ஹோஸை மாட்டி உலோகக் கேனுக்குள் விடுங்கள். ஜம்ப்பர் போட்டுப் பம்ப்பைச் சில நொடி ஓட்டுங்கள். அழுத்தம் சரியான எண்ணுக்கு வந்தால் அடைப்பு ரிட்டர்ன் லைனில். ஜாக்கி தவறான இடத்தில் வைத்து வண்டியின் அடியில் குழாய் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தம் இறங்காமல் அப்படியே நின்றால் ரெகுலேட்டர்தான்.

நிறுத்திய பிறகு அழுத்தம் நிற்கிறதா

சூட்டில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் வண்டிக்கு இதுதான் முக்கியமான சோதனை. எஞ்சினை நிறுத்தியதும் அதன் சூடு ரெயிலுக்கு ஏறும். அழுத்தம் குறையாமல் நின்றால் பெட்ரோல் திரவமாகவே இருக்கும். அழுத்தம் விழுந்தால் சித்திரை வெயிலில் ரெயிலுக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி, இன்ஜெக்டர் திறந்தால் வெறும் ஆவிதான் வரும். அதனால்தான் காலையில் தொல்லை தராத வண்டி, கடை வாசலில் மட்டும் அடம் பிடிக்கிறது.

எஞ்சினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு கேஜைப் பாருங்கள். முதலில் முள் கொஞ்சம் ஏறினாலும் அது பெட்ரோல் சூட்டில் விரிவதுதான். 3 பார் சிஸ்டத்தில் ஐந்து நிமிடம் கழித்தும் 2 பாருக்கு மேல் நின்றால் என் கணக்கில் தேறிவிட்டது. ஒரு நிமிடத்துக்குள் சரசரவென்று பூஜ்ஜியத்தை நோக்கி விழுந்தால் எங்கோ கசிகிறது. வழிகள் மூன்று: ரெகுலேட்டர் வழியே ரிட்டர்னுக்கு, பெட்ரோலைத் திரும்ப விடாமல் தடுக்கும் பம்ப்பின் செக் வால்வு வழியே டேங்குக்கு, இன்ஜெக்டர் வழியே சிலிண்டருக்கு.

ஜம்ப்பர் போட்டு அழுத்தம் ஏற்றி, பம்ப்பை நிறுத்திய கணத்தில் ரிட்டர்ன் ஹோஸை நசுக்குங்கள். முள் நின்றுவிட்டால் ரெகுலேட்டர் வால்வு சரியாக மூடவில்லை. விழுந்தால் கிளாம்பை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தம் ஏற்றி, இந்தத் தடவை டேங்குக்கும் டி ஜாயின்ட்டுக்கும் நடுவில் சப்ளை ஹோஸை நசுக்குங்கள். இப்போது நின்றால் பம்ப்பின் செக் வால்வு. இரண்டையும் ஒன்றாக நசுக்கியும் முள் விழுந்தால் இன்ஜெக்டர் சொட்டுகிறது. ப்ளக்குகளைக் கழற்றினால் ஒன்று மட்டும் நனைந்திருக்கும், அந்த சிலிண்டரின் இன்ஜெக்டர்தான். இந்தச் சோதனைக்கு முன் வெளிக்கசிவும் டயாஃப்ரம் கிழிசலும் இல்லை என்று உறுதி செய்திருக்க வேண்டும்.

ரெகுலேட்டர், செக் வால்வு, இன்ஜெக்டர் மூன்றும் ஓட்டுநருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது இந்த இரண்டு கிளாம்ப்கள்தான். இதைச் செய்யாமல் "பம்ப் வீக்" என்று யாராவது சொன்னால், எந்தச் சோதனையில் தெரிந்தது என்று தயங்காமல் கேளுங்கள்.

ரிட்டர்ன் இல்லாத வகை

இங்கே வேக்குவம் ஹோஸும் இல்லை, நசுக்க ரிட்டர்ன் லைனும் இல்லை. ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே மிச்சப் பெட்ரோலைக் கொட்டிவிடுகிறது. ஐடிலிலும் வேகத்திலும் அழுத்தம் ஒரே எண்ணில் நிற்க வேண்டும். மேனிஃபோல்டு மாறுவதை ஈசியூவே கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

ரெயிலுக்கு வரும் லைனில் கேஜை மாட்டி, ஐடிலிலும் 2,500 ஆர்பிஎம்மிலும் பாருங்கள். முடிந்தால் கேஜின் ஹோஸ் நீளமாக இருந்து கண்ணாடி வழியே தெரியும்படி கட்டி, ஒருவர் ஓட்ட இன்னொருவர் பார்க்கலாம். ஏற்றத்தில் லோடு ஏறும்போதும் முள் 0.2, 0.3 பாருக்கு மேல் விழக் கூடாது. எப்போதும் அதிகமாகவே இருந்தால் ரெகுலேட்டர் ஒட்டியிருக்கிறது, இந்த வகையில் வேறு காரணம் அரிது. குறைவாக இருந்தால் முதலில் வோல்ட், அப்புறம் ஃபில்டர். பல வண்டிகளில் ஃபில்டரும் பம்ப்போடு டேங்குக்குள்ளேயே இருக்கிறது. இரண்டும் சரி என்றால் பம்ப்பா ரெகுலேட்டரா என்று வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது, பம்ப், ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்த மாட்யூலை டேங்கிலிருந்து எடுத்தாக வேண்டும். டேங்கில் கால்வாசிக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கும்போது செய்தால் வேலை பாதி. மாட்யூலை எடுத்தால் ரெகுலேட்டரின் ஓ-ரிங்கை (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) முதலில் பாருங்கள். அது கிழிந்தாலோ சுருங்கினாலோ, ரெகுலேட்டர் நன்றாக இருந்தும் பெட்ரோல் பக்கவாட்டில் ஒழுகி அழுத்தம் விழும். ரெகுலேட்டர் தனியாகக் கிடைக்குமா, முழு மாட்யூலா என்பது வண்டிக்கு வண்டி மாறும். முழு மாட்யூல்தான் என்று சொன்னால் பார்ட் நம்பரோடு இன்னொரு கடையிலும் கேட்டுப் பாருங்கள்.

பம்ப்பின் வேகத்தையே ஈசியூ கூட்டிக் குறைக்கும் வண்டிகளும் உண்டு. அவற்றில் அழுத்தம் தேவைக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் ஸ்கேனர் இல்லாமல் கேஜை மட்டும் நம்ப வேண்டாம்.

மாற்றும்போதும் மாற்றிய பிறகும்

ரெயிலில் இருக்கும் ரெகுலேட்டர் பெரும்பாலும் இரண்டு போல்ட்டில் நிற்கும். மறுபடி பிரஷரை இறக்கிவிட்டு, அடியில் துணி வைத்துக் கழற்றுங்கள். பழைய ஓ-ரிங் ரெயிலுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு ஓ-ரிங் உட்கார்ந்தால் கசியும். புது ஓ-ரிங்கில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி, ரெகுலேட்டரை நேராக அழுத்தி உட்கார வையுங்கள். போல்ட்டை இழுத்து இழுத்து உள்ளே கொண்டுவந்தால் ஓ-ரிங் வெட்டுப்படும். வாங்கும்போது பார்ட் நம்பரைப் பாருங்கள். வெளித்தோற்றத்தில் ஒரே மாதிரி இருக்கும் ரெகுலேட்டர்கள் 2.5 பாருக்கும் 3 பாருக்கும் தனித்தனியாக வருகின்றன.

கேஜைக் கழற்றாமலே இக்னிஷனை மூன்று முறை ஆன், ஆஃப் செய்து கசிவு பாருங்கள். அப்புறம் ஐடில், ஹோஸ் கழற்றல், ஐந்து நிமிடக் காத்திருப்பு மூன்றையும் திரும்பச் செய்யுங்கள். புதுப் பொருள் என்பதாலேயே நல்ல பொருள் ஆகிவிடாது.

கேஜை எடுத்து லைனைப் பழையபடி மாட்டியதும் மறுபடி ஒரு தடவை டிஷ்யூ பேப்பர். ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். நீர்த்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. கரி பிடித்த ப்ளக்குகளையும் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். ஈசியூ பழைய கோளாறுக்குப் பழகிய ட்ரிம் எண்களோடு இருக்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் அவை அழியாவிட்டால் ஸ்கேனரில் எரர் கோடுகளை அழியுங்கள். டவுனிலும் ஹைவேயிலுமாகச் சில நாள் ஓட்டிய பிறகு ட்ரிமை மறுபடி பாருங்கள். பிளஸ் மைனஸ் 5-க்குள் வந்தால் வேலை முடிந்தது. இன்னும் ஒரே பக்கமாக 10-ஐத் தாண்டி நின்றால் ரெகுலேட்டரை விட்டுவிட்டு மேனிஃபோல்டு காற்றுக் கசிவு, ஏர்ஃப்ளோ சென்சார் அல்லது மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார், இன்ஜெக்டர் என்று அடுத்த வரிசைக்குப் போக வேண்டும்.